விடுவதும் விடாததும்



ஆங்கிலம் பயில்வோரை மயங்க வைப்பவை பெரிய சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு சொற்களே. நீண்ட சொல் ஒன்று எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டிப் பொருள் கண்டுகொள்கிறோம். ‘கிவ்’ என்றால் கொடு; ‘அப்’ என்றால் மேலே. இவ்விரண்டும் அறியாத மாணவர் இலர். ஆயின் இரண்டும் இணைந்து ‘கிவ் அப்’ என்று வந்து நிற்கும்போது, தெரிந்த சொற்கள் இரண்டும் தெரியாத சொல் ஒன்றாகிவிடுகின்றன. இரயிலில் முதியவர் ஒருவருக்காக ஓர் இளைஞன் ‘கேவ் அப் ஹிஸ் சீட்’ என்று பாடத்தில் வருவதாக வைத்துக்கொள்வோம். ‘இருக்கையை மேலே கொடுத்தான்’ என்று ஒருவர் மொழிபெயர்த்தால், வகுப்பே சிரிக்கும். ‘இடம் விட்டுக்கொடுத்தான்’ என்பதே அதன் பொருள்.

அப்படியானால் அந்த ‘மேலே’ எங்கே போயிற்று? இதற்கு விடை காண உங்களைத் திருவாலங்காட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அப்பெயருடைய நிலையம் உண்டு. கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் இரத்தினசபை அவ்வூரிலே உள்ளது. இறைவனும் காளியும் அங்கே போட்டியிட்டு ஆடினர் என்பது தலபுராணம். ஆட்டத்தினிடையே இறைவன் திருவடியை வானோக்கித் தூக்கினான். காளி நாணி நின்றாள்; தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

இறைவன் காலைத் தூக்கியதை ஆங்கிலத்தில் ‘லிஃப்டட் அப்’ எனலாம். இங்கே ‘அப்’ உண்மையாகவே மேலே செல்கிறது. காளி ஒப்புக்கொண்டதை ‘கேவ் அப்’ எனலாம். இங்கே எதுவும் மேலே செல்லவில்லை, போட்டி முடிந்துபோயிற்று. ஆம், ‘அப்’ என்ற சொல்லுக்கு ‘முற்றிலும், முழுமையாக’ என்ற பொருளும் உண்டு. ‘ஈட் அப்’ என்றால் உண்டுவிடு. ‘யூஸ் அப்’ என்றால் மிச்சமின்றிப் பயன்படுத்திவிடு.

இந்தத் தமிழ்ச் சொற்களை உற்றுநோக்குங்கள். ‘உண்டுவிடு’ என்பதில் எதை விடுகிறோம்? ஒன்றையும் விடுவதில்லை. ‘விடு’ என்பது அங்கே துணைவினையாய் நின்று, செயல் முற்றுப்பெறுவதை மட்டும் உணர்த்துகிறது. ஆங்கிலேயர் ‘அப்’ என்ற சிறு சொல்லால் செய்யும் வேலையை நாம் ‘விடு’ என்ற துணைவினையால் செய்கிறோம். ‘கைவிட்டான்’ என்னும்போது நாம் கையை நினைக்கிறோமா? ‘விட்டுக்கொடு’ என்பதற்குள்ளும் ஒரு ‘கொடு’ இருக்கிறதே! ஆகவே இவ்வகைச் சொற்கள் நமக்குப் புதியன அல்ல. இவற்றைப் பிரித்துப் பொருள் கொள்ளலாகாது. ஒரே சொல்லாகக் கொள்ள வேண்டும்.

இனி, எதைக் ‘கிவ் அப்’ செய்கிறோம் என்று பாருங்கள். அதற்கேற்பத் தமிழ்ச்சொல் மாறும். பழக்கமாயின் விட்டுவிடுதல், முயற்சியாயின் கைவிடுதல், நம்பிக்கையாயின் இழத்தல், குற்றவாளி தன்னையே காவலரிடம் ‘கிவ் அப்’ செய்தால் சரணடைதல். நாட்டின் எல்லையாயின் விட்டுக்கொடுத்தல். இதற்கும் இவ்வட்டாரமே சான்று. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சென்னை மாநிலமும் தன் ஊர்கள் சிலவற்றை ஆந்திரத்துக்கு விட்டுக்கொடுத்தது. இரு தரப்பிலும் நிகழ்ந்ததை ‘கிவ் அப்’ என்ற ஒரே சொல்லால் கூறலாம்.

இலக்கணத்தில் இரண்டு செய்திகளை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். ‘அதை விட்டுவிடு’ என்பதற்கு ‘கிவ் இட் அப்’ என்றே சொல்ல வேண்டும். ‘கிவ் அப் இட்’ என்பது பிழை. புகைத்தலை விட்டவனைப் பற்றிப் பேசும்போது ‘கேவ் அப் ஸ்மோக்கிங்’ என்க. ‘கேவ் அப் டு ஸ்மோக்’ என்னற்க. தமிழிலும் ‘புகைக்க விட்டான்’ என்றால் பொருள் மாறிப்போகும். ‘புகைத்தலை விட்டான்’ என்று தொழிற்பெயராகவே சொல்கிறோம் அல்லவா?

மீண்டும் திருவாலங்காட்டுக்கு வருவோம். காரைக்காலில் பிறந்த புனிதவதியார் உடலின் அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார். தலையாலே நடந்து கயிலை சென்ற அவர், பின்னர் இறைவன் ஆடலைக் கண்டிருக்கும் பேறு பெற்றது இவ்வூரில்தான் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் அழகை விட்டதும் ‘கிவ் அப்’ தான். ஆனால் அதைத் ‘துறந்தார்’ என்று தமிழ் பெருமைப்படுத்துகிறது.

அருகிலுள்ள பழையனூரின் வரலாறு இன்னும் உருக்கமானது. தன்னைத் தொடர்ந்து வந்த பெண்ணைக் கண்டு அஞ்சிய வணிகன் ஒருவனுக்கு அவ்வூர் வேளாளர் எழுபதின்மர் அபயம் அளித்தனர். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாக வாக்குக் கொடுத்தனர். நீலி என்னும் அப்பேய்மகள் அவனைக் கொன்றாள். எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர் நீத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அவர்கள் உயிரைக் ‘கிவ் அப்’ செய்தனர். சொல்லைக் ‘கிவ் அப்’ செய்யவில்லை. இந்த ஒரு வாக்கியத்தில் அச்சொல்லின் இரு முகங்களையும் காணலாம்.

மாணவ நண்பர்களே! நாட்டுப்புறப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் சிலர், ‘ஆங்கிலம் எனக்கு வராது’ என்று முதல் ஆண்டிலேயே சோர்ந்து, படிப்பையே நிறுத்திவிடுவதை நான் கண்டிருக்கிறேன். எல்லையோர ஊர்களிலே தமிழும் தெலுங்கும் கலந்து பேசி வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி ஒன்று எட்டாக்கனியா? வீட்டுத் திண்ணையில் இரு மொழிகளைத் தானே கற்ற அறிவு, வகுப்பறையில் எங்கே போய்விடும்? தன் மொழியில் ‘விடு’ என்ற சொல் செய்யும் வேலையை உணர்ந்தவனுக்கு, ‘அப்’ என்ற சொல் செய்யும் வேலை விளங்காமற் போகாது.

ஆகவே சோம்பலை விடுங்கள், கூச்சத்தை விடுங்கள், சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் வழக்கத்தை விடுங்கள். இவற்றை எல்லாம் தயங்காமல் ‘கிவ் அப்’ செய்யலாம். முயற்சியை மட்டும் விடாதீர்கள்.