நான் கேட்க மறந்த கேள்வி

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

1974-ல் என்னோடு புகுமுக வகுப்பில் ஒரே பெஞ்சை நெருக்கிப் பகிர்ந்துகொண்ட நண்பர்களே, குடும்பத்தாரே!

பழைய விடுதிக் கதை பேசச் சொன்னார்கள். அதற்கு என்னைவிடக் கெட்டிக்காரர்கள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சிறுநீரகக் கல் எடுத்தே பிழைத்தவன் நான். அதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

உங்களில் சிலருக்குக் கல் எடுத்த பிறகு உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைத்திருப்பார்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரைக்கும் இருக்கும். பெயர் டபுள் ஜே ஸ்டென்ட். 1978-ல் ஃபின்னி என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். இரண்டு முனையும் தூண்டில் முள் மாதிரி வளைந்திருப்பதால் நழுவாது. ஸ்டென்ட் என்றதும் இதயத்தில் வைப்பது போல ஆயுளுக்கும் இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. இது அப்படி இல்லை, எடுத்தே ஆக வேண்டும்.

நம் வகுப்பு நண்பர் ஒருவர். அனுமதி வாங்கிவிட்டேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். சர்க்கரை உள்ளவர். மூன்று வாரத்தில் எடுக்க வேண்டிய குழாயை, மகள் கல்யாணம் முடியட்டும் என்று இரண்டரை மாதம் வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் அவர் ஊரிலேயே எடுத்தார்கள். ஐந்து நிமிஷ வேலை. ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டார். சாயங்காலம் எனக்கு ஃபோன்.

"டேய், ஒண்ணுக்குப் போனா எரியுதுடா. லேசா சிவப்பா வேற வருது."

நான் சிரித்தேன். "அப்படித்தான்டா இருக்கும். தண்ணி நிறைய குடி, ரெண்டு நாள்ல சரியாயிடும்."

சொன்னது தப்பில்லை. எரிச்சலும் இளஞ்சிவப்பும் ஓரிரு நாள் இருப்பது சகஜம்தான். ஆனால் "குளிர் எடுக்குதா?" என்று நான் கேட்கவில்லை. அந்த நேரம் அவர் இரண்டு போர்வைக்குள் இருந்திருக்கிறார். மழைக்காலம், அதனால் என்று நினைத்துக்கொண்டாராம். ராத்திரி இரண்டு மணிக்குப் பிதற்ற ஆரம்பித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்த அழுத்தம் இறங்கிப் போயிருந்தது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது? தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பது போல, குழாயின் மேல் கிருமிகள் ஒரு வழுவழுப்பான படலம் கட்டிக் குடியிருக்கும். நாள் ஆக ஆக அது கூடும். சிறுநீர் கல்ச்சரில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் படலத்தில் கிருமி இருக்கலாம். குழாயை உருவும்போது அது கலைகிறது. அதோடு, குழாய் இருந்த பாதை சில சமயம் வீங்கி அடைத்துக்கொள்ளும். மேலே தேங்கிய சிறுநீரில் கிருமி இருந்தால், அது ரத்தத்துக்குத் தாவ அதிக நேரம் ஆகாது.

எல்லாருக்கும் இப்படி வராது, பயந்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் மறுநாளே வேலைக்குப் போகிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், முன்பே கிருமித் தொற்று வந்தவர்கள், குழாயை ரொம்ப நாள் வைத்திருந்தவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெண்களுக்கும் ஆபத்து சற்று அதிகம்.

நடுங்கும் குளிர், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாந்தியோடு குறையாத விலாவலி, சிறுநீர் வராமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள். நம் வயதில் சில பேருக்குக் காய்ச்சலே அடிக்காது. ஆள் குழம்பிப் பேசுவார், தூங்கி வழிவார், அவ்வளவுதான். இதை வீட்டு அம்மாக்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். கவனிப்பது நீங்கள்தான்.

"அப்போ முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கலாமா டாக்டர்?" என்று கேட்பார்கள். ஆபத்து அதிகம் உள்ளவருக்கு, எடுக்கும் முன் ஒரு வேளை மருந்து கொடுப்பதுண்டு. அதை உங்கள் டாக்டர் முடிவு செய்வார். போன தடவை மிச்சமான மாத்திரையை டப்பாவிலிருந்து எடுத்துப் போடுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். பிறகு நிஜமாகவே காய்ச்சல் வந்தால், கல்ச்சரில் கிருமி பிடிபடாமல் போகலாம். பிடிபட்டாலும் மருந்து கேட்காமல் போகலாம்.

நம் நண்பர் இன்றைக்கு மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இப்போது யார் ஃபோன் செய்தாலும் முதலில் குளிரைப் பற்றித்தான் கேட்கிறேன். சளிக்குக் கூப்பிட்டவரிடமும் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் பந்தியில் கேளுங்கள். மாத்திரை பெயரை மட்டும் கேட்காதீர்கள்.