திறவுகோலை யாரிடம் கொடுப்பது?

(வன்னிப் பகுதியிலுள்ள கிராமப் பாடசாலை ஒன்றின் நூலகத் திறப்பு விழாவிலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை.)



இந்நூலகத்தைத் திறந்து வைக்குமாறு என்னைப் பணித்தீர்கள். நாடாவை வெட்டினேன், கதவைத் திறந்தேன், அலுமாரிகள் மூன்றையும் திறந்து பார்த்தேன். படமும் எடுத்தார்கள். ஆயின் அலுமாரிகளின் திறவுகோல் இன்னமும் என் சட்டைப் பையிலே கிடக்கின்றது. இதனை யாரிடம் கொடுத்துவிட்டு நான் வீடு செல்வது? இன்று நான் பேச வந்தது இந்த ஒரு கேள்வியைப் பற்றியே.

நான் சிறுவனாக இருந்தபோது படித்த பாடசாலையிலும் ஒரு நூலகம் இருந்தது. தலைமையாசிரியரின் கதிரைக்குப் பின்னால், கண்ணாடிக் கதவு பூட்டிய ஓர் அலுமாரி. அதுவே நூலகம். கையில் அடி வாங்குவதற்காக அவ்வறைக்குச் செல்லும் போதெல்லாம், கண்ணாடியூடாக நூல்களின் முதுகிலே எழுதியிருந்த பெயர்களை வாசித்துக்கொண்டு நிற்பேன். ஐந்து ஆண்டுகளில் அத்தனை பெயர்களும் எனக்கு மனப்பாடமாயின. நூல் ஒன்றையேனும் தொட்டதில்லை. பின்னொரு நாள், யாரோ ஓர் அதிகாரி வருகிறார் என்று அலுமாரியைத் திறந்தார்கள். முதுகுகள் வரிசை குலையாமல் நின்றன. ஒன்றை இழுத்தபோது உள்ளே இருந்தது மண்! கறையான் ஒன்றுதான் அந்நூலகத்தை அடியிலிருந்து முடிவரை கற்றுத் தேறிய வாசகர்.

இதைக் கூறி அந்தத் தலைமையாசிரியரைப் பழிக்க நான் எண்ணவில்லை. ஏனெனில் அதே குற்றத்தை நானும் செய்தவன். ஆசிரியனாகிய சில ஆண்டுகளில் ஒரு பாடசாலையின் நூலகப் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆர்வம் மிகுந்த வயது. கேட்டவர்க்கெல்லாம் நூல்களைக் கொடுத்தேன். ஆண்டுக் கணக்கெடுப்பு வந்தது. மூன்று நூல்கள் குறைந்தன. எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள், எழுதினேன். விளக்கம் போதாது என்றார்கள், மீண்டும் எழுதினேன். முடிவிலே என் கையிலிருந்து பணம் கட்டினேன். எத்தனை பிள்ளைகள் வாசித்தார்கள் என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. அன்று மாலையே ஒரு பெரிய பூட்டு வாங்கினேன். அடுத்த மூன்று ஆண்டுகளும் ஒரு நூலும் குறையவில்லை. நல்ல பொறுப்பாளர் என்று பெயரும் எடுத்தேன்!

அந்தப் பூட்டை என்னிடமிருந்து பறித்தவள் ஒரு மாணவி. தகப்பனார் வயல் செய்பவர். நெற்பயிரின் நோய்கள் பற்றி ஏதேனும் நூல் உண்டா என்று கேட்டு வந்தாள். விவசாயத் திணைக்களம் வெளியிட்ட சிறு கையேடு ஒன்று, யாரும் தொடாமல், புது மணத்துடன் கிடந்தது. பெரிய மனது பண்ணி ஒரே இரவுக்குக் கொடுத்தேன். அவளோ நான்கு நாள் கழித்துத்தான் கொண்டு வந்தாள். அட்டையிலே சேற்றுக் கை பதிந்திருந்தது. இரண்டு பக்கங்கள் நனைந்து உலர்ந்து நெளிந்திருந்தன. தண்டப்பணம் எவ்வளவு என்று நான் மனதிலே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அந்தத் தகப்பனாரே படலையடியில் வந்து நின்றார்.

அவருடைய வயலில் பயிர் ஆங்காங்கே வட்டம் வட்டமாகக் கருகிக் கொண்டு வந்திருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்றெண்ணி நீரைக் கட்டியிருக்கிறார். உரம் போதவில்லை என்று யூரியாவும் எறிந்திருக்கிறார். கையேட்டை மகள் வரம்பிலே இருந்து உரத்து வாசித்திருக்கிறாள். இலையைப் பாராதே, பயிரை விலக்கி நீர்மட்டத்துக்கு மேலே தண்டின் அடியைப் பார் என்பது அதன் கருத்து. பார்த்தால், கபில நிறத் தத்தி அடியிலே மொய்த்துக் கிடந்திருக்கிறது. மிகையான யூரியா அதற்கு விருந்து; தேங்கிய நீரும் நெருங்கிய பயிரும் அதற்கு நல்ல வீடு. நீரை வடித்தார், உரத்தை நிறுத்தினார், எஞ்சிய பயிரைக் காத்துக்கொண்டார். கண்டபடி மருந்தடித்தால் தத்தியைத் தின்னும் சிலந்தியும் செத்துவிடும் என்பதையும் மகள் வாசித்துச் சொன்னாளாம். "வாத்தியார், புத்தகத்தைப் பழுதாக்கிப் போட்டோம், மன்னிக்க வேணும்" என்று சொல்லி, ஒரு சாக்கிலே பூசணிக்காய் இரண்டை வைத்துவிட்டுப் போனார்.

பெரியோர்களே, அந்தச் சேற்றுக் கை பதிந்த கையேட்டைப் போலப் பயன்பட்ட நூல் என் அலுமாரியில் வேறொன்றும் இருக்கவில்லை. அதற்கு நான் தண்டம் அறவிட இருந்தேன்!

சீர்காழியிலே 1892-ஆம் ஆண்டு பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, பின்னர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, உலகெங்கும் போற்றப்பட்ட அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். அவர் 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதாகும். இதைச் சொல்ல ஓர் அறிஞர் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் நூல்களை இரும்புச் சங்கிலியால் தட்டுகளோடு பிணைத்து வைத்தார்கள். இங்கிலாந்தின் ஹெரபோர்ட் பேராலயத்தில் அச்சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். கையால் எழுதிய ஏடு ஒன்று ஒரு வீட்டின் விலை பெற்ற காலம் அது, ஆகவே கட்டினார்கள். அச்சு இயந்திரம் வந்த பின்னரும் நமது பாடசாலைகளில் அந்தச் சங்கிலி பூட்டாக உருமாறி நிற்பதற்கு என்ன நியாயம்?

அதே இரங்கநாதனின் எண்ணத்தில் உருவாகி, அதே 1931-ஆம் ஆண்டில், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியிலே நூல்கள் சென்றன. வாசகன் நூலகத்துக்கு வரமுடியாவிடின் நூலகம் வாசகனிடம் போகட்டும் என்பது அத்திட்டம். இங்கே லாண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். அயலிலே மூன்று பாடசாலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஐம்பது நூல்களைப் பெட்டியில் இட்டுத் தவணைக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டால், எந்தச் செலவுமின்றி ஒவ்வொரு பாடசாலைக்கும் புதிய நூல்கள் கிடைத்துவிடும். பெட்டியை ஏற்றி இறக்க அரை நாள் வேலை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். அதன் தொடக்கத்தை அறிந்தவர் குறைவு. 1933-ஆம் ஆண்டு கே. எம். செல்லப்பா என்னும் பெருமகனார் தம் வீட்டிலிருந்த நூல்களை அயலவர்க்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஒரு குழு அமைந்தது. ஒற்றை அறையிலே 844 நூல்களோடு நூலகம் பிறந்தது. அரசாங்கம் கட்டளையிட்டுப் பிறந்ததன்று. ஒருவர் இரவல் கொடுத்தார், அதனாற் பிறந்தது. 1959-ஆம் ஆண்டு அழகிய கட்டடத்திலே அது குடியேறியபோது, அதற்கு ஆலோசனை வழங்கியவர்களுள் இரங்கநாதனும் ஒருவர். 1981-ஆம் ஆண்டு ஓர் இரவிலே அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீண்டும் பெற முடியாத ஓலைச் சுவடிகளும் சாம்பராயின. அதைப் பற்றி எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்; நானும் விட்டிருக்கிறேன். ஆயின் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அன்றிரவு யாரேனும் ஒரு மாணவன் இரவலாகப் பெற்றுத் தன் வீட்டுத் தலையணைக்கருகே வைத்திருந்த நூல் அத்தீயில் எரிந்திராது. 2005-ஆம் ஆண்டு முதல் நம்மவர் நடத்தி வரும் நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று பழைய ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இலவசமாக வாசிக்க முடிகிறதென்றால், அவற்றுட் பல, யாரோ ஒருவர் தம் வீட்டிலே வைத்திருந்து கொடுத்த பிரதிகளே. பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்பவர்களுக்கு இதைவிட வேறு என்ன விடை சொல்ல?

இனிக் காரியத்துக்கு வருகின்றேன்.

முதலாவது, ஆசிரியரின் அச்சம் தீரவேண்டும். வெண்கட்டி தேய்ந்ததற்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை. நூலும் தேயும் பொருளே. ஆண்டுதோறும் சில நூல்கள் கிழியும், சில தொலையும். அப்படி ஒன்றும் நிகழாத நூலகத்தைக் கண்டுதான் நாம் ஐயப்பட வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி, காணாமற் போகும் நூலுக்கு ஈடு செய்யும் பொறுப்பைத் தாம் ஏற்கின்றோம் என்று இன்றே எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன். பொறுப்பாசிரியரின் கை அப்போதுதான் தானாக அலுமாரியைத் திறக்கும்.

நகரிலும் வெளிநாட்டிலும் தொழில் பார்க்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நல்ல மனத்தோடு நூற்பெட்டிகள் அனுப்புகிறீர்கள். இன்று உள்ளே பார்த்தேன். கணக்கியற் பரீட்சை வழிகாட்டிகள், பழைய மருத்துவ நூல்கள், எவருக்கும் பயன்படாத ஆங்கிலக் கணினிக் கையேடுகள். ஐந்தாந் தரத்துப் பிள்ளை இவற்றை என்ன செய்யும்? வீட்டைத் துப்புரவு செய்வது வேறு, நூலகத்துக்குக் கொடுப்பது வேறு. அனுப்புமுன் பிள்ளைகள் எதை வாசிக்க விரும்புகிறார்கள் என்று கேட்டு, நல்ல தமிழ்க் கதை நூல்கள் இருபதை வாங்கி அனுப்புங்கள். இருநூறு பழைய நூல்களை விட அவை மேலானவை.

ஆசிரியர்களே! ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு எல்லாம் நடக்கின்றன. வாசிப்பின் பயன் என்ற கட்டுரையை மனப்பாடம் செய்து முதற்பரிசு பெற்ற ஒரு சிறுவனை நான் அறிவேன். அவன் பாடநூலுக்கு அப்பால் ஒரு நூலும் வாசித்ததில்லை. நவம்பர் பிறந்தால் நூலகப் பாடவேளையைக் கணித மீட்டலுக்கு எடுத்துவிடுகிறோம். ஐந்தாந் தரத்திலே புலமைப்பரிசில், பதினோராந் தரத்திலே சாதாரண தரம் என்று பெற்றோரும் நெருக்குகிறார்கள். பாடசாலை விட்டால் தனியார் வகுப்பு. கிழமைக்கு ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். அதையாவது பிள்ளையிடமிருந்து பறிக்காதீர்கள். வாசித்ததைச் சுருக்கி எழுது என்றும் அப்போது கேளாதீர்கள். எழுத வேண்டும் என்ற பயத்தில் பிள்ளைகள் மிகச் சிறிய நூலைத் தேடி எடுப்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

வாசித்துக் காட்டுங்கள். இது நமக்குப் புதிதன்று. நமது கோயில்களிலே கந்தபுராணம் படித்தார்கள். ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றொருவர் பயன் சொன்னார். எழுத்தறியாத கமக்காரரும் திண்ணையில் இருந்து கேட்டுக் கேட்டே புராணத்தைத் தம்முடையதாக்கிக் கொண்டார்கள். சனசமூக நிலையத்திலே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, வாங்கிலே இருந்து பத்துப் பேர் கேட்ட காலத்தை இங்குள்ள முதியோர் அறிவார்கள். அந்த வழக்கத்தை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு நல்ல கதையைப் பத்து நிமிடம் வாசித்து, முக்கியமான இடத்தில் நிறுத்தி, நூலை மேசையிலே வைத்துவிட்டு வெளியே போங்கள். திரும்பி வரும்போது அந்நூல் மேசையில் இராது.

எழுதும் ஆசையும் இதனோடு பிறக்கும். எங்கள் காலத்தில் கையெழுத்துச் சஞ்சிகை இல்லாத பாடசாலை அரிது. ஒரே ஒரு பிரதி. அது கைமாறிக் கைமாறித் தேயும். தொலைபேசி இருக்கும் இந்நாளில் அதை யார் பார்ப்பார் என்பீர்கள். ஒரு முறை செய்து பாருங்கள். தன் பெயர் உள்ள பக்கத்தைத் தாய்க்குக் காட்ட விரும்பாத பிள்ளை இல்லை.

விடுமுறைக்கு நூல்களைக் கொடுத்து அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் மாதத்தில் நூல்களும் அலுமாரிக்குள் விடுமுறை எடுப்பது என்ன முறை? பெற்றோர்களே, பிள்ளை வாசிக்கும் வேளையில் "பாடத்தைப் படி" என்று அதட்டாதீர்கள். உங்களுக்கு எழுத்து வராவிட்டாலும் கவலையில்லை. இரவிலே சாப்பிட்ட பின் "என்ன வாசித்தாய், எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரீட்சையும் இல்லை, பரிசும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது, மழையும் இருட்டுகின்றது. உங்களுக்கு வயல் வேலை காத்திருக்கிறது.

திறவுகோலுக்கு வருகின்றேன். அதிபர் அவர்களோடு காலையிலே பேசினேன். அவர் சற்றுத் தயங்கித்தான் சம்மதித்தார். ஒன்பதாந் தரத்திலிருந்து இரண்டு பிள்ளைகளை மாணவ நூலகராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் இருவரும் மேடைக்கு வரவும். இந்தாருங்கள், இது உங்களுடையது. பதிவுக் கொப்பி மேசையிலே இருக்கிறது; பெயர், நூலின் பெயர், திகதி, இவ்வளவும் எழுதினாற் போதும். கூட்டம் முடிந்ததும் நூல் வேண்டியவர்கள் வரிசையில் நில்லுங்கள். சிறிய வகுப்புப் பிள்ளைகள் முன்னே வரட்டும்.