கேள்வி கேட்கப் பழகும் வைத்தியர்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டார். நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றி உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். விசேட வைத்திய நிபுணராவதற்குப் பயிலும் இளம் வைத்தியர்களுக்கு ஆய்வு செய்யப் பழக்குவது என் வேலையில் ஒரு பகுதி. அதைப் பற்றிப் பேசுகிறேன். அதில் வன்னி மக்களுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது.

இலங்கையில் நிபுணர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு 1980 முதல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்திடம் உள்ளது. பரீட்சைகளோடு ஆய்வு ஒன்றையும் செய்து முடிக்க வேண்டும் என்பது பல துறைகளில் விதி. விதி என்று வந்துவிட்டால் பிள்ளைகள் அதை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவுக் கடமை முடித்து, நித்திரைக் கண்ணோடு வந்து, "மேடம், கெதியாய் முடிக்கக்கூடிய தலைப்பு ஒன்று சொல்லுங்கோ" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விடுதி வேலைக்கு நடுவில்தான் எல்லாம்.

ஒருவர் பாம்புக்கடி பற்றிச் செய்யப் போகிறேன் என்று வருகிறார் என்று வையுங்கள். அது தலைப்பு, இன்னும் கேள்வியாகவில்லை. கடிபட்டவர் வைத்தியசாலைக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கிறது? அந்த நேரம் எங்கே போகிறது? வீட்டிலா, விஷகடிப் பரிகாரியிடமா, வாகனம் தேடியா, முதலில் போன சிறிய வைத்தியசாலையிலா? இப்போதுதான் அது கேள்வி. அதற்கு வரும் விடையை வைத்து யாராவது ஏதாவது செய்யலாம்.

அடுத்தது எண்ணுவது. விடுதிப் பதிவேட்டைப் புரட்டி எண்ணுவது சுலபம். ஆனால் பரிகாரியோடு நின்றுவிட்டவரும் வழியிலேயே இறந்தவரும் அந்தப் பதிவேட்டில் இல்லை. இதை விளக்க நான் எப்போதும் ஓர் உதாரணம் சொல்வேன். 2012, 2013ஆம் ஆண்டுகளில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, ஒன்பது மாகாணங்களிலும் 1,118 கிராம அலுவலர் பிரிவுகளில் 44,136 வீடுகளுக்குப் போய்ப் பாம்புக்கடி பற்றிக் கேட்டார்கள். நாடு முழுவதற்கும் கணித்தபோது, ஓராண்டில் சுமார் 80,000 பேர் கடிபடுகிறார்கள், 30,000 பேருக்கு விஷம் ஏறுகிறது, 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று வந்தது. வைத்தியசாலைப் பதிவுகள் காட்டியதைவிட இது மிக அதிகம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். எந்தச் சோற்றை எடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே கிடப்பதை மட்டும் எடுத்தால் அடியில் பிடித்தது தெரியாது. புள்ளிவிபரவியல் விரிவுரை முழுவதையும்விட இந்த ஒரு வசனம் மாணவர்களுக்கு விளங்குகிறது. (எனக்கும் அப்படித்தான்.)

மூன்றாவது விடயத்தைத்தான் நாங்கள் குறைவாகக் கற்பிக்கிறோம். ஆய்வுப் படிவம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிறகு அவசரத்தில் தமிழாகிறது. "நச்சேற்றத்தின் பின்னரான கால இடைவெளி" என்று அதில் இருக்கும். எங்கள் ஆட்களோ "பூச்சி தீண்டிட்டுது" என்பார்கள். இரவில் பாம்பு என்ற சொல்லையே எடுக்கமாட்டார்கள். எத்தனை மணிக்கு என்றால், "வயலுக்குத் தண்ணி கட்டப் போன நேரம்" என்பார்கள். தென்பகுதியிலிருந்து வந்து இங்கு அக்கறையோடு வேலை செய்யும் பயிற்சி வைத்தியருக்குத் தமிழே புதிது. தாதியின் உதவியோடு கேட்டு எழுதுகிறார். அந்த மணிக்கணக்கு எவ்வளவு சரியாக இருக்கும்?

சம்மதம் கேட்பதும் அப்படித்தான். "நீங்கள் சொன்னால் சரி, டொக்டர்" என்று சொல்லிக் கையெழுத்து வைப்பார்கள். அது சம்மதமா, மரியாதையா? விரும்பாவிட்டால் வேண்டாம் எனலாம், மருந்து குறையாது என்று நோயாளி நம்பும்படி சொல்லத் தெரிய வேண்டும். அதையும் நாங்கள் விடுதியில் சொல்லிக் காட்டித்தான் பழக்க வேண்டும்.

2009க்குப் பிறகு வன்னியில் படிவம் நிரப்பாத வீடு அரிது. முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் பயிற்சி வைத்தியரிடம் சொன்னார்: "எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம், பிள்ளை. என்ன கண்டுபிடிச்சனீங்கள் எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை." அதற்குப் பிறகு என்னிடம் வருபவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தேன். ஆய்வு முடிந்ததும் முடிவை ஒரு பக்கத்தில், பேச்சுக்கு நெருங்கிய தமிழில் எழுதி, கிளினிக்கில் வாசித்துக் காட்ட வேண்டும். புள்ளி கிடைக்காத வேலைதான். முணுமுணுத்துக்கொண்டு செய்கிறார்கள். ஆனால் வாசித்து முடித்ததும் வாங்கில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டுவிட்டு, அடுத்த ஆய்வுக்கான கேள்வியோடு திரும்பி வந்தவர்களும் உண்டு.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்களில் மருத்துவம் சாராதவர்களும் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைகளைவிட அதற்குத் தகுதியானவர் யார்? கனடாவிலும் லண்டனிலும் புள்ளிவிபரவியல் படித்த தங்கைமார் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு மணித்தியாலம் இணையவழியாக ஒரு பயிற்சி வைத்தியரோடு பேசினால் போதும். தமிழ் கற்பித்த ரீச்சர்மாருக்கு எங்கள் சம்மதப் படிவங்களை அனுப்பிவைக்கிறேன். எங்கள் கொப்பிகளைத் திருத்தியதுபோலவே, தயவுதாட்சண்யம் இல்லாமல் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்புங்கள்.