கடைக்குப் போய்த் திரும்பும் வரை முகத்தில் நிற்கும் முகக்கவசம்

(மருதானையில் தங்கியிருக்கும், ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தனிமைப்படுத்தல் நாட்களை முடித்துக்கொண்டு மருதானைக்கு வந்திருக்கிறீர்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு என்று கையில் உள்ள அலுவல்கள் முடிந்ததும் மன்னாருக்கோ கிளிநொச்சிக்கோ திருகோணமலைக்கோ புறப்படுவீர்கள். அதுவரை அரிசி, பருப்பு, மரக்கறி, பால்மா எல்லாம் இங்கேதான் வாங்க வேண்டும். ஊரில் மறுபடி அடுப்பு மூட்டச் சட்டி பானையும் பலர் இங்கிருந்தே கொண்டு போவீர்கள். ஆகவே கடைக்குப் போகும்போது எந்த முகக்கவசத்தை அணிவது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2020 ஒக்டோபர் நடுப்பகுதியில் புதிய ஒழுங்குவிதிகள் வந்தன. பொது இடத்தில் முகக்கவசம் அணிய வேண்டும், மற்றவரிடமிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று அவை அப்போது கூறின. மீறியவருக்கு 10,000 ரூபா வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க அப்போது இடமிருந்தது. அந்த மாதக் கடைசியில் மருதானை, தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தல் ஊரடங்கில் இருந்தன. ஆகவே இந்தப் பகுதிக் கடைக்காரர்கள் அந்த நாட்களில் மூக்குக்குக் கீழே இறங்கிய முகக்கவசத்தைக் கண்டு முகம் சுளித்தது உங்கள் மேல் உள்ள வெறுப்பால் அல்ல. அவர்கள் பட்டது அப்படி.

அந்த நாட்களில் கடை வாசலில் உடல் வெப்பம் பார்த்தார்கள். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக உங்களை மட்டும் பதிந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லோரும்தான் எழுதினார்கள். அந்தக் கடைக்கு வந்து போன ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவர்களுக்கு அறிவிக்கவே அந்தப் பதிவு.

அந்த நாட்களில் பெரும்பாலானோர் முகக்கவசத்தோடுதான் வீட்டை விட்டு இறங்கினார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. மூச்சு முட்டுகிறது, காது வலிக்கிறது, கண்ணாடியில் புகை படிகிறது. உடனே விரல் போய் அதை நாடிக்கு இறக்கிவிடுகிறது. உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பலருக்குச் சிங்களம் வராது. வந்தவர்களுக்கும் முப்பது வருடத்தில் மறந்துபோய்விட்டது. கடைக்காரருக்கு நாம் சொன்னது விளங்காவிட்டால் முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சத்தமாகச் சொல்கிறோம். எச்சில் துளிகள் அதிகம் பறப்பது பேசும்போதுதான், அதிலும் சத்தமாகப் பேசும்போதுதான். முகக்கவசம் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அது நாடியில் கிடக்கிறது.

ஆகவே நல்ல முகக்கவசம் எது என்று என்னைக் கேட்டால், வாசலில் போட்டது முதல் திரும்பி வந்து கழற்றும் வரை கை வைக்காமல் உங்கள் முகத்தில் நிற்பதுதான். சுகமாக இருந்தால்தான் அது நிற்கும். விலையும் நிறமும் பிறகு.

அளவிலிருந்து தொடங்குங்கள். மூக்குத் தண்டிலிருந்து நாடிக்குக் கீழ் வரை மூட வேண்டும். பக்கங்களில் இடைவெளி இருக்கக் கூடாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். முகக்கவசத்தை அணிந்துகொண்டு ஐந்து நிமிடம் பத்திரிகையை உரத்து வாசியுங்கள். அது மூக்கை விட்டு இறங்கினால் அளவு பெரிது. வாய் திறக்கும்போது இழுத்துப் பிடித்தால் அளவு சிறிது. மூக்கின் மேல் வளைக்கக்கூடிய மெல்லிய கம்பி வைத்தது நல்லது. கம்பியை மூக்கோடு அழுத்திவிட்டால் கண்ணாடியில் புகை படிவதும் குறையும்.

அடுத்தது துணி. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் மூன்று அடுக்குத் துணி முகக்கவசத்தைப் பரிந்துரைத்தது. முகத்தில் படும் உள் அடுக்கு ஈரத்தை உறிஞ்சும் பருத்தி. வெளி அடுக்கு ஈரம் எளிதில் ஊறாத பொலியெஸ்டர் அல்லது கலப்புத் துணி. நடுவில் வடிகட்டும் அடுக்கு. அதற்குப் புதிய துணிப்பைகளில் வரும் நெய்யாத துணி பொருந்தும். இவை கிடைக்காவிட்டாலும் நெருக்கமாக நெய்த பருத்திச் சேலையிலோ சாரத்திலோ தைக்கலாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகம் தெரிந்தால் அந்தத் துணி உதவாது. இழுத்தால் நீளும் துணியும் வேண்டாம். நீளும்போது அதன் கண்கள் அகன்றுவிடும்.

மூன்றாவது கயிறு. காதில் மாட்டும் இலாஸ்டிக் இறுகினால் அரை மணித்தியாலத்தில் காது வலி எடுக்கும். அப்படியானவர்கள் தலைக்குப் பின்னால் முடியும் நாடா வைத்துத் தையுங்கள். முக்காடோ ஹிஜாபோ அணியும் சகோதரிகளுக்கும் நாடாதான் வசதி. மேலே கட்டிவிட்டால் முக்காட்டைக் கலைக்காமல் கழற்றலாம்.

நடைபாதையில் தொங்கவிட்டு விற்பவற்றை வாங்கும்போது கவனம். பலர் தொட்டும் முகத்தில் வைத்தும் பார்த்திருப்பார்கள். உறையில் அடைத்ததை வாங்குங்கள். துணியானால் தோய்த்துக் காயவைத்த பிறகு அணியுங்கள். மூச்சு வெளியேறும் வால்வு வைத்தது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் மூச்சு வடிபடாமல் அடுத்தவரிடம் போகிறது. ஆகவே அதைத் தவிருங்கள். முகத்துக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் கவசம் மட்டும் போதாது. வாயில் பிடிக்கும் லேஞ்சியும் முகக்கவசம் ஆகாது.

அறுபது வயதைத் தாண்டியவர்களும் நீரிழிவு, இருதய நோய், தொய்வு உள்ளவர்களும் பாமசியில் கிடைக்கும் மருத்துவ முகக்கவசத்தையே அணிய வேண்டும். அது ஒரு தரம் பாவித்து வீசுவதற்குரியது. மூச்சுத் திணறல் உள்ளவர்களைக் கடைக்கு அனுப்பாதீர்கள், வீட்டில் சுகமாக உள்ள ஒருவர் போகட்டும். ஐந்து வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களைச் சன நெரிசலுக்குள் கூட்டிப் போகாமல் விடுவதே பாதுகாப்பு.

மருதானையின் வெக்கை உங்களுக்கு இப்போது தெரியும். பாரம் தூக்கிக்கொண்டு புகையிரத நிலையப் பாலத்தில் ஏறினால் எந்த முகக்கவசமும் நனையும். நனைந்தால் மூச்சு எடுப்பது கடினம், வடிகட்டலும் குறையும். ஆகவே மாற்றுவதற்கு ஒன்றைச் சுத்தமான உறையில் கொண்டு போங்கள். கழற்றியதைப் போட வேறொரு பையும் வேண்டும். முன்பக்கத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துக் கழற்றுங்கள்.

வெளியே இருக்கும் நேரத்தைக் குறைத்தாலே பாதிச் சுகம். காலையில் வெயிலுக்கு முன் போங்கள். புறக்கோட்டையில் மெனிங் சந்தை இருக்கிறது என்ற பழைய நினைவில் அங்கே போய் அலைய வேண்டாம். அது 2020 நவம்பரில் பேலியகொடைக்கு மாறிவிட்டது. ஒரு குடும்பத்துக்குத் தேவையானதைப் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கலாம்.

பேச்சையும் குறைக்கலாம். வாங்க வேண்டியதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள். சிங்களம் எழுதத் தெரிந்த ஒருவரிடம் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் அதைக் காட்டினால் போதும். மூன்று சொற்களையும் பாடமாக்குங்கள். ‘கீயத’ என்றால் எவ்வளவு. ‘ஆயெத் கியன்ன’ என்றால் மறுபடி சொல்லுங்கள். ‘லியலா தென்ன’ என்றால் எழுதித் தாருங்கள். மெதுவாகச் சொன்னால் முகக்கவசத்துக்குள்ளிருந்தும் விளங்கும். விளங்காவிட்டால் விரலால் காட்டுங்கள். முகக்கவசத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். துணி முகக்கவசத்தைத் தினமும் தோய்க்க வேண்டும். சுடுநீரில் தோய்ப்பது நல்லது. இல்லையென்றால் சாதாரண நீரில் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, பிறகு ஒரு நிமிடம் கொதிநீரில் அவியுங்கள். வெயிலில் நன்றாகக் காயட்டும். ஆளுக்கு மூன்று இருந்தால் ஒன்று முகத்தில், ஒன்று பையில், ஒன்று கொடியில்.

கடைசியாக ஒன்று. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் சனம் உங்களைப் பார்க்க வரும். இந்தியாவிலிருந்து நோயைக் கொண்டு வந்துவிட்டார்களோ என்று சிலர் தள்ளி நிற்பார்கள். அது மனதைச் சுடும். வாதாட வேண்டாம். ஒழுங்காக அணிந்த முகக்கவசத்தோடு நீங்களே ஒரு மீற்றர் தள்ளி நின்று பேசினால் அவர்களின் பயம் தானாகக் குறையும். முப்பது வருடமாகக் காணாத தாயைக் கண்டதும் கட்டிப்பிடிக்கத்தான் மனம் சொல்லும். அவவுக்கு வயது எண்பதாக இருக்கலாம். ஊர்ப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் நாட்கள் வரை பொறுத்திருங்கள். அதற்குள் அவவுக்கும் அளவு பார்த்து ஒன்று தைத்துக் கொடுங்கள்.

இனி உங்கள் முகக்கவசங்களைக் கொண்டு வந்து காட்டுங்கள், ஒவ்வொன்றாக அளவு பார்ப்போம்.