கடலிலுள்ள காஞ்சொறி



வேலியோரத்திற் படரும் காஞ்சொறியை நம்மில் அறியாதார் சிலரே. தவறி அதன் இலை மேனியில் உரசிவிட்டால் போதும். தோல் தடித்துச் சிவக்கும். சொறியச் சொறியத் தினவு பெருகும். கடலினுள்ளும் அத்தகைய காஞ்சொறி உண்டு. ஆனால் அது செடியன்று, பிராணி. கரையோர மக்கள் அவ்வினத்துள் ஒன்றைச் ‘சொறி’ என்றும் ‘சொறிமுட்டை’ என்றும் அழைப்பர். மேனாட்டு விஞ்ஞானிகள் அவ்வினம் முழுவதற்கும் இட்ட பெயரும் காஞ்சொறி போன்றதொரு செடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது. இருசாராரும் ஒரே அனுபவத்தையே பெயராக்கியிருக்கின்றனர்.

முன்னாளில் மன்னார் முத்துச் சலாபத்திலே கல்லைப் பற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிய சுழியோடிகளுக்கே கடலடி பழக்கமான இடமாயிருந்தது. 1943ஆம் ஆண்டிலே கூஸ்தோ, காஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர், முதுகிற் சுமந்து செல்லும் காற்றுச் சிலிண்டருக்கு ஏற்ற சுவாசக் கருவியொன்றை அமைத்தனர். அதன்பின் கடலடி பலருக்கும் திறந்துவிட்டது. கடலையே தொழிலாகக் கொண்டவர் அறிந்திருந்த எச்சரிக்கைகளோ புதிதாய் இறங்குவோருக்கு எளிதிற் கிட்டுவதில்லை.

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரேயுள்ள புறாத்தீவை எண்ணிப் பாருங்கள். இளைஞர் ஒருவர் அங்கே முருகைக்கற் பாறையருகே சுழியோடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீரோட்டம் அவரைத் தள்ளுகிறது. மஞ்சட் பழுப்பு நிறமும் வெண்ணுனிகளும் கொண்ட ஒரு கிளையை அவர் பற்றுகிறார். மறுகணம் கையிலே நெருப்பு வைத்தாற்போல் எரிகிறது. அவர் பற்றியது நெருப்புப் பவளம். தோற்றத்தில் முருகைக்கல்லை ஒத்திருப்பினும், அது சொறிமுட்டைக்கே நெருங்கிய உறவுடையது.

எரிச்சல் எங்ஙனம் உண்டாகிறது? இப்பிராணிகளின் மேற்றோலிலே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பைகள் எண்ணற்றன உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் நஞ்சும், சுருட்டி வைத்த நுண்குழல் ஒன்றும் இருக்கின்றன. ஏதேனும் பட்டவுடன் பை வெடித்து, குழல் ஊசிபோலப் பாய்கிறது. ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு கூறினும் குறைந்த நேரத்தில் அது பாயவல்லது என அளந்திருக்கின்றனர். பிராணியின் சினமோ விருப்பமோ இதற்கு வேண்டுவதில்லை. ஆகையால், கரையொதுங்கி இறந்து கிடக்கும் சொறிமுட்டையும், அறுந்து மிதக்கும் அதன் இழையும் கூடக் கொட்டும்.

இனி, அந்த இளைஞர் செய்யக்கூடிய தவறுகள் மூன்று. முதலாவது, வேதனை தாளாது மேலே விரைந்தெழுதல். பத்து மீற்றர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பிய காற்று, நீர்மட்டத்தில் இருமடங்காக விரியும். மூச்சை அடக்கியவாறு எழுந்தால் நுரையீரலே கிழியக்கூடும். கையெரிச்சல் ஆறும், அந்தக் கேடு உயிரையே வாங்கிவிடலாம். ஆகவே, சீராக மூச்சு விட்டு, துணைவருக்குச் சைகை காட்டி, மெல்ல மெல்லவே மேலேற வேண்டும்.

இரண்டாவது, தேய்த்தல். கொட்டிய இடத்தில் வெடியாத பைகள் பல ஒட்டியிருக்கும். கையாலோ மணலாலோ தேய்த்தால் அவையும் வெடிக்கும். மூன்றாவது, நன்னீரால் உடனே கழுவுதல். அதுவும் அப்பைகளைத் தூண்டிவிடக்கூடும். சிறுநீர் விடுதல் என்னும் பழைய கைம்முறையாலும் பயனில்லை.

கடல்நீரால் அலம்புக. ஒட்டியுள்ள இழைகளைச் சிறு இடுக்கியால் எடுக்குக. பெட்டி வடிவான கொடிய சொறியினத்துக்கு வினாகிரி விடுதல் நன்று. வெடியாத பைகளை அது அடக்கும். எல்லா இனத்துக்கும் அது பொருந்துமா என்பதில் வைத்தியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நோவைத் தணிக்கச் சுடுநீர் உதவும். 2006இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், நீலக் குமிழ்ச் சொறி கொட்டியவர்களுக்குப் பனிக்கட்டியினும் 45 பாகைச் சுடுநீரே மிகுந்த ஆறுதல் தந்தது. இருபது நிமிடம் வரை வைக்கலாம்; தோல் வெந்துவிடாதபடி மற்றொருவர் கைவைத்துச் சூட்டைச் சோதித்தல் வேண்டும்.

மூச்சு முட்டினாலும், மார்பு நொந்தாலும், முகம் வீங்கினாலும் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இவ்விடத்தில் ஒரு வரலாறு நினைவுகூரத் தக்கது. 1901ஆம் ஆண்டில், மொனாக்கோ இளவரசரின் கப்பலிலே சென்ற ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்னும் இருவர் இத்தகைய கடற்பிராணியின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பின்னர்க் கரையிலே கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிச் சோதித்தபோது, முதன்முறை தப்பிய நாய், சில வாரங்களின் பின் ஏற்றிய மிகச் சிறிய அளவினாலேயே மாண்டது. கடும் ஒவ்வாமை என இன்று வைத்தியர் அஞ்சும் நிலை அவ்வாறே அறியப்பட்டது. ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்பொரு முறை கொட்டுண்டு தப்பியவர், ‘எனக்கு இது பழக்கம்’ என்று அசட்டையாயிருத்தல் ஆகாது என்பதே அதனால் நாம் பெறும் பாடம்.

நேயர்களே, உடலை மூடும் மெல்லிய உடை பாதி காவல். எதனையும் தொடாதிருக்கும் கை மீதிக் காவல். கடலடியிலுள்ள உயிர்கள் நம்மைத் தேடி வந்து கொட்டுவனவல்ல. அவற்றின் இல்லத்துக்கு நாமே விருந்தினராகச் செல்கிறோம். கண்ணாற் கண்டு மகிழ்ந்து, கையை அடக்கித் திரும்புவதே விருந்தினர்க்கு அழகு.