மூட்டை எடையா, தேறிய எடையா?

 

வீட்டுப் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்குக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் எத்தனை மூட்டை கொடுத்தோம் என்பதல்ல, அதில் எவ்வளவு தேறியது என்பதே கணக்கு. 10 கிலோ மூட்டையில் 4 கிலோ ஆகாதது என்றால் பலன் 6 கிலோதான். அந்த 4 கிலோவை ஏற்றிய டீசலும் பிரித்த உழைப்பும் வீண். பிரிப்பவர்கள் ஏழைப் பெண்கள். தேறிய எடைக்குத்தான் அவர்களுக்குக் காசு.

தண்ணீர் பாட்டில், பால் கவர், எண்ணெய் கேன் ஆகியவற்றுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேயும் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை. அடுக்குகளைப் பிரிப்பது கடினம். சேகரித்தாலும் பெரும்பாலும் சிமெண்ட் ஆலை உலைக்கே போகின்றன. அவற்றை வாங்குவதைக் குறைப்பதே சரியான வழி.

பால் கவரின் மூலையைத் தனியே வெட்டி எறியாதீர்கள். அந்தச் சிறு துண்டை யாரும் பொறுக்க முடியாது. கவரை அலச அரிசி களைந்த தண்ணீர் போதும். ஒளூவிலேயே தண்ணீரை விரயம் செய்யக்கூடாது என்று கற்றவர்கள் நாம். அலசிக் காயவைத்துத் தனிப் பையில் போடுங்கள்.

அடுத்த மாதம் முதல் நான்கு கணக்குகளை ஜும்ஆ அன்று பலகையில் எழுதுவோம்: வந்த எடை, தேறிய எடை, கிடைத்த பணம், வண்டி வாடகை. வாடகை பணத்தை மிஞ்சினால், வண்டி வரும் நாட்களைக் குறைப்போம்.

இஸ்ராஃபிலிருந்து அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.