கொடுத்த பணமா, இருக்கிற பசியா?

மெக்சிகோ நாட்டின் கிழக்கு ஓரத்தில், கரீபியன் கடலைப் பார்த்தபடி இருக்கிறது கான்கூன். 1970-இல் அந்நாட்டு அரசு சுற்றுலாவுக்கென்றே கட்டத் தொடங்கிய ஊர் அது. அதற்கு முன்பு அங்கே இருந்தது ஆள் நடமாட்டம் அதிகமில்லாத ஒரு மணல்திட்டு. இன்று அங்கிருந்து தெற்கே ப்ளாயா டெல் கார்மென் வரைக்கும், அதைத் தாண்டியும் கரை நெடுக ரிசார்ட்டுகள். அவற்றில் பல, பெரியவர்களை மட்டுமே அனுமதிக்கின்றன. தங்குவது, சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. உள்ளே போனதும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். அப்புறம் எந்த மேசைக்கும் பில் வராது. ஒரே வளாகத்தில் மெக்சிகன், இத்தாலியன், ஜப்பானிய, பிரெஞ்சு உணவகங்கள், ஸ்டேக் ஹவுஸ், கடலுணவு, பஃபே என்று வரிசையாக இருக்கும். விலையைப் பற்றிய கவலையே இல்லாத இந்த இடத்தில், இன்று இரவு எங்கே சாப்பிடுவது என்பது மிகச் சுலபமான கேள்வியாக இருக்க வேண்டும். ஆனால் விருந்தாளிகள் அதிகம் குழம்புவது அதில்தான். ஏற்கெனவே கொடுத்துவிட்ட பணம் அவர்கள் சாப்பாட்டைத் தீர்மானிக்கப் பார்ப்பதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. அதை ஒதுக்கிவிட்டால் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

இத்தனை உணவகங்கள் ஏன் வந்தன என்று முதலில் பார்ப்போம். எல்லாம் அடங்கிய விடுமுறை என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியது கிளப் மெட். 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், ஜெரார்ட் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் கூடாரங்கள் அடித்து அதைத் தொடங்கினார். அங்கே எல்லாரும் பொது மேசையில் சேர்ந்து உட்கார்ந்து, இருப்பதைப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். எங்கே சாப்பிடுவது என்ற கேள்வியே எழவில்லை. ஜமைக்காவின் ஓச்சோ ரியோஸில் 1978-இல் ஜோடிகளுக்கான ரிசார்ட் ஒன்று திறந்தது; 1981-இல் மாண்டிகோ பேயில் சாண்டல்ஸ் நிறுவனம் இன்னொன்றைத் திறந்தது. போட்டி வளர வளர, எங்களிடம் இத்தனை உணவகங்கள் என்பது விளம்பரத்தில் ஏறியது. ஆகவே அந்த நீண்ட பட்டியல் முதலில் அறையை விற்க உதவுகிறது. அறையை விற்க வந்த பட்டியலை நாம் முடிக்க வேண்டிய வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர், 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில் பீட்சா கடைச் சோதனை ஒன்றைச் சொல்கிறார். ஒரே தொகை கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற கடை அது. சில மேசைக்காரர்களுக்கு மட்டும், சாப்பிடத் தொடங்குமுன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் திரும்பக் கிடைத்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கிடைக்காதவர்கள் அதிகமாகச் சாப்பிட்டார்கள். பீட்சா ஒன்றுதான், பசியும் ஏறக்குறைய ஒன்றுதான். கொடுத்த காசு வயிற்றுக்குள் புகுந்து கட்டளை போட்டிருக்கிறது. ரிசார்ட்டிலும் இதுதான் நடக்கிறது. இறால் இருக்கும்போது பருப்பு சூப் எதற்கு என்று தோன்றுகிறது. எல்லா உணவகத்தையும் ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் நாம் இறால் சாப்பிட்டாலும் சூப் சாப்பிட்டாலும் கட்டிய தொகையில் ஒரு பைசா திரும்பி வரப்போவதில்லை. இன்னும் நம் கையில் மிச்சமிருப்பவை இரண்டே: அன்றைய பசி, அன்றைய மாலைப் பொழுது. அவற்றை எங்கே நன்றாகச் செலவிடலாம் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

இந்த அளவுகோலை வைத்தால் என் முதல் ஓட்டு அந்த மண்ணின் சமையலுக்கு. கான்கூன் இருப்பது யுகடான் தீபகற்பத்தில். மாயா மக்களின் நிலம். அங்கே கொச்சினீட்டா பிபில் என்று ஒரு பன்றிக் கறி. ஆச்சியோட்டே என்ற சிவப்பு விதையை அரைத்து, புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் கரைத்துக் கறியில் பூசி ஊறவைப்பார்கள். பிறகு வாழையிலையில் பொதிந்து, மண்ணில் தோண்டிய குழியடுப்பில் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். விரல் பட்டாலே நார் நாராகப் பிரியும் அந்தக் கறியின் மேல் ஊறவைத்த சிவப்பு வெங்காயம், பக்கத்தில் அபனேரோ மிளகாய்ச் சட்னி. கூட வரும் மக்காச்சோள ரொட்டியும் லேசில் செய்துவிடக்கூடியதல்ல. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலைக் கழுவி நீக்கி, அரைத்துத் தட்டிச் சுடுகிறார்கள். இந்தச் சமையலைச் சிறு வயதிலிருந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள் சமையலறையில் இருக்கிறார்கள், பொருள்கள் பக்கத்திலேயே விளைகின்றன. அதே ஊரில் ஜப்பானிய மீனையோ பிரெஞ்சு வாத்தையோ செய்வதைவிட இதை அவர்கள் நன்றாகச் செய்ய வாய்ப்பு அதிகம்.

அடுத்தது நேரம். குழந்தைகள் இல்லாத இடம் என்பதால், யாரையும் எட்டு மணிக்குத் தூங்க வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் எல்லாரும் ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் ஒரே வாசலில் வந்து நிற்கிறார்கள். மெக்சிகோக்காரர்கள் பெரிய சாப்பாட்டைப் பிற்பகலில், இரண்டு மணிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு, இரவில் லேசாக முடித்துக்கொள்வது வழக்கம். அதைப் பின்பற்றினால் இரவு உணவின் மீதுள்ள பாரம் இறங்கிவிடும். சமையல்காரர் கண்ணெதிரே இரும்புத் தட்டில் வதக்கிப் போடும் ஜப்பானிய மேசை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முன்பதிவு வேண்டும். உண்மையிலேயே ஆசையிருந்தால் வந்த அன்றே பெயர் கொடுத்துவிடலாம். பல இடங்களில் ஆண்கள் முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போட்டு வர வேண்டும். கடலில் குளித்துக் களைத்த அன்று அந்த ஏற்பாடுகளெல்லாம் வேண்டாம் என்று தோன்றினால், பஃபேக்கோ அறைக்கு வரும் சாப்பாட்டுக்கோ போவதில் குறையொன்றும் இல்லை.

வகை வகையாகச் சாப்பிடத்தானே வந்தோம், அதைக் கெடுப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தேர்வுகள் கூடினால் மனம் தளரும் என்று, 24 வகை ஜாமும் 6 வகை ஜாமும் வைத்துச் செய்த 2000-ஆம் ஆண்டுச் சோதனையை முன்வைத்துச் சொல்வார்கள். ஆனால் 2010-இல் இத்தகைய பல சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரியில் அந்த விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆகவே வகைகள் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. வகைகள் பசியைத் தூண்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்கச் சொல்கிறேன். பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விதமான சாண்ட்விச் கிடைத்தவர்களைவிட நான்கு விதம் கிடைத்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பஃபேயில் நாற்பது பாத்திரம் திறந்திருக்கும்போது, போதும் என்று வயிறு சொல்வது தாமதமாகத்தான் கேட்கும்.

சைவம் சாப்பிடுபவர்களின் கேள்வி இன்னும் கனமானது: மண்ணின் சமையல் என்றாலே இறைச்சியாக இருந்தால் என்ன செய்வது? மெக்சிகோவில் சோள ரொட்டி, வெண்ணெய்ப்பழத் துவையல், நோபால் என்ற சப்பாத்திக்கள்ளி, பூசணிப்பூ என்று சைவத்துக்கும் இடம் நிறைய இருக்கிறது. ஆனால் மசித்த அவரையைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது அங்கே வழக்கம். ஆகவே கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். தெளிவான பதில் கிடைக்காத அன்று இத்தாலிய உணவகத்துக்குப் போவதே புத்திசாலித்தனம். பிடித்ததைப் பிடித்த நாளில் சாப்பிடுவதும் பசியை மதிப்பதுதான்.

கடைசியாக, என் வாதத்துக்கு உண்மையான சோதனை ஒன்று இருக்கிறது. ஓர் இரவாவது வெளியே போய், ஊருக்குள் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்கிறேன். ஏற்கெனவே கட்டியாயிற்றே, இரண்டு தரம் கொடுப்பானேன் என்ற குரல் எழும். மேலே சொன்ன பீட்சா கடைக் குரல்தான் அது. வெளியே போவதற்கு நல்ல சமையலைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. எல்லாரும் வளாகத்துக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டால், மதில் சுவருக்கு வெளியே கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் ஏது? மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாடு 1999-இல் இந்த ஒரே கட்டண ஏற்பாட்டைத் தடையே செய்தது. உள்ளூர் உணவகங்களும் வியாபாரிகளும் நசிந்தது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பயணிகள் வரத்துக் குறையும் என்ற அச்சத்தில் அடுத்த ஆண்டே தடையை விலக்கியது. அரசால் முடியாததை ஒரு பயணியால் ஓர் இரவுக்குச் செய்ய முடியும். பாதுகாப்பைப் பற்றிய தயக்கம் நியாயமானது. வரவேற்பு மேசையில் விசாரித்து, அவர்கள் அழைத்துத் தரும் டாக்சியில், ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்குப் போகலாம்.

ஆகவே மாலையில் உணவகப் பட்டியலைத் திறக்குமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: உண்மையில் எவ்வளவு பசி, எவ்வளவு களைப்பு, இந்த ஊரில் யார் எதை நன்றாகச் சமைக்கிறார்கள்? பதில் இறாலாக இருந்தால் இறால் சாப்பிடுங்கள். சூப்பாக இருந்தால் சூப். கட்டணம் கட்டிய அன்றே அந்தப் பணத்தின் வேலை முடிந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் அதற்கு ஓட்டுரிமை கிடையாது.